கம்போடிய ஆற்றில் பள்ளிகொண்ட பெருமாள்

எனக்கு முன்னால் பேசிய நண்பர், "அங்கோர் வாட்டைக் கட்டியவன் தமிழ் மன்னன்தான், இதில் ஐயமே வேண்டாம்" என்று முழங்கினார். அரங்கில் நல்ல கைதட்டல். அந்தக் கைதட்டல் அடங்கிய சூட்டோடு, "அது சரியல்ல" என்று சொல்ல வேண்டிய பொறுப்பு எனக்கு வாய்த்திருக்கிறது. கைதட்டியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பிறகு திட்டுவதென்றால் திட்டுங்கள்.

அங்கோர் வாட்டைக் கட்டியவர்கள் கெமர் மக்கள். கட்டச் சொன்னவன் இரண்டாம் சூரியவர்மன் என்ற கெமர் மன்னன். காலம் 12ஆம் நூற்றாண்டின் முற்பாதி. அங்கோர் வட்டாரத்துக் கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் பழைய கெமர் மொழியிலும் இருக்கின்றன. அங்கே தமிழ்க் கல்வெட்டு இதுவரை கிடைக்கவில்லை. "பெயரில் வர்மன் இருக்கிறதே, பல்லவன்தானே?" என்று கேட்பார்கள். வர்மன் என்றால் கவசம். அக்காலத்தில் சமஸ்கிருதப் பெயர் சூடிய அரசர்கள் பலரும் அந்த ஈற்றைச் சேர்த்துக்கொண்டார்கள். போர்னியோவின் கூத்தாயில் மூலவர்மன், மேற்கு ஜாவாவில் பூர்ணவர்மன், சம்பாவில் பத்திரவர்மன் என்று பட்டியல் நீளும். எல்லாரையும் காஞ்சிபுரத்துக்காரர்கள் ஆக்கிவிட முடியாது.

இதைச் சொல்வதால் நம் பெருமை குறைந்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். எனக்கு அந்த அச்சம் இல்லை. "நாம் கட்டியது" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டால், அங்கே உண்மையில் என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறோம். அதுதான் என் கவலை. இங்கிருந்து சியெம் ரியப்புக்குப் போகும் நம்மவர்கள் மூன்று நாள் தங்குகிறார்கள், அங்கோர் வாட் முன்னால் சூரிய உதயத்தில் படம் எடுக்கிறார்கள், "சோழர்கள் கட்டியது" என்று சொல்லிக்கொண்டே விமானம் ஏறுகிறார்கள். அங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத் தொலைவில், காட்டுக்குள், ஓடும் ஆற்றின் நடுவில் பெருமாள் படுத்திருக்கிறார். அவரைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று சொல்கிறவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை.

அதனால் அங்கோர் வாட்டைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த ஆற்றிலிருந்து தொடங்குகிறேன்.

ஆயிரம் லிங்கங்கள் ஓடும் ஆறு

அங்கோருக்கு வடகிழக்கே குலென் மலைத்தொடர் இருக்கிறது. தட்டையான உச்சி கொண்ட மணற்பாறை மலை. கெமர் மக்களுக்கு அதைவிடப் புனிதமான மலை இல்லை. கி.பி. 802இல் இரண்டாம் ஜெயவர்மன் அங்கேதான் சக்கரவர்த்தியாக முடிசூட்டிக்கொண்டான் என்று, 11ஆம் நூற்றாண்டின் நடுவில் வெட்டப்பட்ட ஸ்டோக் காக் தோம் கல்வெட்டு சொல்கிறது. மலைக்கு அவர்கள் வைத்த பெயர் மகேந்திரபர்வதம். அங்கோரைச் சுற்றியிருக்கும் நெல்வயல்களுக்குத் தண்ணீர் தரும் ஆறுகள் அந்த மலையில்தான் பிறக்கின்றன.

அப்படிப் பிறக்கும் ஓடைகளில் ஒன்றின் மேல் இயற்கையாகவே ஒரு கல்பாலம் அமைந்திருக்கிறது. அதனால் அந்த இடத்திற்குப் பாலத்தலை என்ற பொருளில் 'க்பால் ஸ்பியன்' என்று பெயர். அடிவாரத்தில் வண்டியை விட்டுவிட்டு ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் மலையேற வேண்டும். வேர்களைப் பிடித்துக்கொண்டு, பாறைகளில் கால் வைத்து ஏறும் பாதை. முட்டிவலி உள்ளவர்கள் நிதானமாகப் போகலாம். முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம்.

மேலே போனால் கோயிலும் கிடையாது, கோபுரமும் கிடையாது. ஆறு மட்டும்தான். அதன் படுகைப் பாறையைக் குனிந்து பார்த்தால், வரிசை வரிசையாக லிங்கங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு சாண் அளவு. சில இடங்களில் சதுரமான ஆவுடையார்கள், தண்ணீர் வெளியேறும் கோமுகி வடக்கு நோக்க, அடுக்கடுக்காக. நூற்றைம்பது மீட்டர் நீளத்துக்கு ஆற்றின் அடித்தளமே இப்படி இருக்கிறது. கல்வெட்டில் இதை ஆயிரம் லிங்கம் என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டில், முதலாம் சூரியவர்மன் காலத்தில் தொடங்கி, அவனுக்குப் பின் வந்த இரண்டாம் உதயாதித்தவர்மன் காலத்திலும் தொடர்ந்த பணி. அந்தக் காட்டில் தவம் செய்த துறவிகளும் அரசனுடைய அமைச்சரும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள்.

லிங்கங்கள் நடுவில்தான் நம் கதாநாயகர் வருகிறார். பாறையின் விளிம்பில், நீர்மட்டத்தை ஒட்டி, அனந்தன் என்னும் பாம்பின்மேல் விஷ்ணு சாய்ந்து படுத்திருக்கிறார். காலடியில் இலக்குமி. கொப்பூழிலிருந்து எழும் தாமரையில் பிரம்மா. சீரங்கத்திலும் திருவனந்தபுரத்திலும் நாம் கண்ட அதே காட்சிதான். சற்றுத் தள்ளி இன்னொரு பாறையில் உமையும் சிவனும் இடபத்தின்மேல் அமர்ந்திருக்கிறார்கள். விஷ்ணு பள்ளிகொண்ட காட்சி ஓரிடத்தில் மட்டுமல்லாமல், ஆற்றின் வழியில் பல இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

நம் கோயில்களில் அபிஷேகம் எப்படி நடக்கிறது? குருக்கள் குடத்தில் தண்ணீர் எடுத்து ஊற்றுகிறார். ஊற்றிய நீர் கோமுகி வழியாக வெளியே வருகிறது, நாம் கையில் ஏந்திக்கொள்கிறோம். க்பால் ஸ்பியனில் குடமும் இல்லை, குருக்களும் இல்லை. ஆறே அபிஷேகம் செய்கிறது. இரவும் பகலும், ஆயிரம் ஆண்டுகளாக. லிங்கங்களின் மேலும் பெருமாளின் மேலும் புரண்டு வரும் அந்தத் தண்ணீர் சிறு அருவியாக விழுந்து, சமவெளிக்கு இறங்கி, சியெம் ரியப் ஆற்றோடு கலந்து, தலைநகரைத் தொட்டு, தொன்லே சாப் ஏரிக்குப் போகிறது. அங்கோரில் ஓர் உழவன் வயலுக்கு மடை திறந்தால், பாய்வது தீர்த்தம். ஒரு நாட்டின் பாசனம் முழுவதையும் கோயில் தீர்த்தமாக்கிவிட்ட கற்பனை இது. கெமர்களுடைய கற்பனை. இதற்கு நாம் உரிமை கொண்டாடுவதைவிட, வியந்து நிற்பதே நமக்கு அழகு.

"மாமல்லபுரத்தில் இல்லையா?" என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. பெரும்பாறையின் நடுப்பிளவில் நாகர்கள் நீந்த, மேலேயிருந்து தண்ணீர் விழும்படி பல்லவர்கள் 7ஆம் நூற்றாண்டில் செய்திருந்தார்கள். அங்கே மகிடாசுரமர்த்தினி குகையில் பாம்பணையில் கிடக்கும் பெருமாளும் உண்டு. ஒற்றுமை கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் நானூறு ஆண்டுகள் இருக்கின்றன. ஒற்றுமையை வைத்துக்கொண்டு, இவர்கள் போய் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. பல்லவர்கள் பாறைக்குத் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். கெமர்கள் தண்ணீருக்குள் போய்ப் பாறையைச் செதுக்கினார்கள்.

சைவ வைணவச் சண்டையில் ஊறிப்போன நமக்கு இன்னொன்றும் கண்ணில் படுகிறது. அங்கே சிவலிங்கத்துக்கும் பெருமாளுக்கும் ஒரே தண்ணீர். 7ஆம் நூற்றாண்டிலேயே பாதி சிவன், பாதி விஷ்ணுவான ஹரிஹரர் சிலைகளை அவர்கள் ஆளுயரத்துக்கு வடித்தார்கள். நம் ஊர் வழக்கில் சொன்னால் சங்கரநாராயணர். 9ஆம் நூற்றாண்டில் தலைநகருக்கே ஹரிஹராலயம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கனவில் வந்தவர்

அதே நூற்றாண்டில், அதே மன்னர்கள், மலையில் செய்ததைச் சமவெளியிலும் செய்தார்கள். அங்கோரின் மேற்கே ஒரு மாபெரும் ஏரி வெட்டினார்கள். மேற்குப் பராய் என்று பெயர். நீளம் ஏறக்குறைய 8 கிலோமீட்டர், அகலம் 2 கிலோமீட்டர். ஏரியின் நடுவில் செயற்கையாக ஒரு தீவு. தீவில் மேற்கு மெபோன் என்ற கோயில். கோயிலுக்குள்ளே மறுபடியும் ஒரு குளம். அந்தக் குளத்தின் நடு மேடையில்தான் மூலவர் இருந்திருக்கிறார். நீருக்குள் தீவு, தீவுக்குள் நீர், அதன் நடுவில் பாற்கடல் வாசன். இதைத் திட்டமிட்டவர் யாரோ, பெயர் தெரியாத அந்தக் கெமர் சிற்பிக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது.

1296ஆம் ஆண்டு சீனத் தூதுக்குழுவில் அங்கோருக்கு வந்த சூ தாகுவான் என்பவர், ஏரி நடுவில் வெண்கலத்தாலான புத்தர் படுத்திருக்கிறார் என்றும் அவருடைய தொப்புளிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது என்றும் எழுதிவைத்தார். கிழக்கு ஏரி என்று அவர் குறித்திருந்ததால் அங்கே தேடியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சீனர் எதையோ உளறிவிட்டார் என்றே பலரும் நினைத்திருக்கக்கூடும்.

1936ஆம் ஆண்டு டிசம்பரில் நடந்தது சுவையான செய்தி. அந்த வட்டாரத்துக் கிராமவாசி ஒருவர் ஒரு கனவு கண்டார். மேற்கு மெபோன் மண்ணுக்குள் புத்தர் புதைந்து கிடப்பதாகவும் தம்மை வெளியே எடுக்கச் சொல்வதாகவும் கனவு. அப்போது அங்கோரைப் பராமரித்துவந்த பிரெஞ்சுக்காரர் மொரிஸ் க்ளேஸ் அந்த இடத்தைத் தோண்டச் செய்தார். மண்ணுக்குள்ளிருந்து வந்தது புத்தர் அல்லர், விஷ்ணு. தலை, தோள்கள், மார்பு, வலப்பக்கத்து இரண்டு கைகள். கிடைத்த பகுதியே 2 மீட்டருக்கு மேல் நீளம். முழு உருவமும் இருந்திருந்தால் 5 மீட்டரைத் தாண்டும் என்று கணக்கிடுகிறார்கள். சீனர் உளறவில்லை. திசையும் கடவுளின் பெயரும்தான் மாறிப்போயின.

நம் ஊர்த் தலபுராணங்களில் பாதி இப்படித்தான் தொடங்கும். பசு பால் சொரியும், அல்லது யாருடைய கனவிலாவது வந்து "என்னை எடு" என்று சாமி சொல்லும். 20ஆம் நூற்றாண்டில், பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் குறிப்பில் அதே கதை பதிவாகியிருப்பதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் மெய்யும் சிலிர்த்தது.

அந்த வெண்கல முகத்தைக் கவனித்துப் பார்க்க வேண்டும். கண், புருவம், மீசை இருந்த இடங்களில் பள்ளங்கள். வேறு விலையுயர்ந்த பொருள்களை அங்கே பதித்திருந்தார்கள். பெருமாளுக்கு மீசையா என்று புருவத்தை உயர்த்துகிறவர்கள் திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதியின் மூலவரை நினைத்துக்கொள்ளலாம். அவருக்கும் மீசை உண்டு. சீரங்கத்து மூலவர் சுதையால் ஆனவர், அபிஷேகம் கிடையாது, தைலக்காப்புதான். கெமர்கள் அந்த அளவு உருவத்தை வெண்கலத்தில் வார்த்து, தண்ணீர் நடுவிலேயே வைத்தார்கள். நம் சோழர் காலத்து உற்சவ மூர்த்திகள் அழகில் யாருக்கும் இளைத்தவையல்ல. ஆனால் உருவத்தின் அளவில் அவர்களுடைய துணிச்சல் வேறு.

அப்படியானால் நமக்கு அங்கே ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. கைதட்டலுக்குப் போதாது என்றாலும் கல்லில் எழுதிய சான்றுகள் இருக்கின்றன.

முதலாவது, எழுத்து. கெமர் எழுத்து தென்னிந்தியப் பல்லவ எழுத்திலிருந்து வளர்ந்தது. ஆண்டு குறித்த மிகப் பழைய கெமர் மொழிக் கல்வெட்டு கி.பி. 611ஐச் சேர்ந்தது. அதன் வரிவடிவத்தைப் பார்த்தால் உறவு புரிந்துவிடும். எழுத்து நம் பக்கத்திலிருந்து போனது. அதைக் கொண்டு அவர்கள் எழுதியது தங்கள் மொழியை. இன்று நாம் ரோமன் எழுத்தில் மலாய் எழுதுகிறோம். அதனால் மலாய் ரோமாபுரியின் மொழி ஆகிவிடுமா?

இரண்டாவது, தாகுவா பா. தென் தாய்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கிறது. நமக்கு அங்கோரைவிட அருகில். அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 9ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்தது. அவனிநாரணம் என்ற பெயரில் ஒரு குளம் தோண்டி, அதை மணிக்கிராமத்தார், சேனாமுகத்தார் ஆகியோரின் பாதுகாப்பில் விட்டதைச் சொல்கிறது. மணிக்கிராமம் என்பது வணிகர் குழு. அவனிநாரணன் என்பது தெள்ளாறு எறிந்த மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். கல்வெட்டு கிடைத்த குன்றுக்குத் தாய்லாந்து மக்கள் வைத்த பெயர் 'ஃப்ரா நாராய்'. அதாவது நாராயணன் மலை. கடல் கடந்து வந்த தமிழ் வணிகன் செய்த முதல் காரியம், குளம் வெட்டி அதற்கு நாரணன் பெயரை வைத்தது. அரண்மனை கட்டினான், நாட்டைப் பிடித்தான் என்றெல்லாம் அந்தக் கல் சொல்லவில்லை. எனக்கு அந்தச் சிறு குளம் போதும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. முதலாம் இராசேந்திரனின் கரந்தைச் செப்பேடு, காம்போச மன்னன் நட்பை வேண்டித் தேர் ஒன்றை அனுப்பினான் என்று சொல்கிறது. காலத்தை வைத்துப் பார்த்தால் அவன் முதலாம் சூரியவர்மன். க்பால் ஸ்பியன் ஆற்றில் லிங்கங்கள் செதுக்கப்படத் தொடங்கியது எவன் காலத்திலோ, அவனே. அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 1114இல், சிதம்பரத்தில் ஒரு கல்வெட்டு. காம்போச அரசன் முதலாம் குலோத்துங்கனுக்கு ஒரு கல்லைக் காட்சியாக அனுப்பினான், அதைச் சோழன் தில்லைக் கோயிலில் வைக்கச் செய்தான் என்கிறது. அங்கே இரண்டாம் சூரியவர்மன் பட்டத்துக்கு வந்தது 1113இல். ஆக, அங்கோர் வாட்டைக் கட்டிய மன்னன் ஆட்சிக்கு வந்த ஓரிரு ஆண்டுகளில், அவனுடைய நாட்டுக் கல் ஒன்று தில்லைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

"தமிழன் போய் அங்கே கோயில் கட்டினான்" என்பதற்குச் சான்று இல்லை. "கம்போடியக் கல் வந்து நம் கோயிலில் பதிந்தது" என்பதற்குச் சான்று இருக்கிறது. நாம் ஏன் இரண்டாவதைச் சொல்வதே இல்லை? வாங்கியதைச் சொன்னால் கெளரவக் குறைச்சலா? இரண்டு பெரிய அரசுகள் ஒன்றையொன்று மதித்துப் பரிசு கொடுத்துக்கொண்டன என்பது, ஒன்று மற்றொன்றை ஆண்டது என்பதைவிட மேலான செய்தி இல்லையா? இந்த ஒரு கேள்வியை மட்டும் நண்பர் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தில்லையும் அங்கோரும்

தில்லை என்றதும் கொஞ்சம் கசப்பான ஒரு செய்தியையும் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. நடராசர் சந்நிதிக்கு அருகிலேயே பள்ளிகொண்ட கோவிந்தராசர் இருக்கிறார். ஒரே இடத்தில் நின்று இருவரையும் தரிசிக்கலாம். க்பால் ஸ்பியனில் ஆறு செய்வதைத் தில்லையில் ஒரு மண்டபம் செய்கிறது. ஆனால் இடையில் ஒரு காலம் அந்தக் கோவிந்தராசர் அங்கே இல்லை. 1133இல் பட்டத்துக்கு வந்த இரண்டாம் குலோத்துங்கன் அவரைப் பெயர்த்துக் கடலில் போட்டதாக, அவனுடைய அவைப்புலவர் ஒட்டக்கூத்தர் பெருமையாகவே பாடியிருக்கிறார்.

அதே ஆண்டுகளில், கடலுக்கு அப்பால், அங்கோர் வாட் எழுந்துகொண்டிருந்தது. விஷ்ணுவுக்கென்று அதுவரை எவரும் கட்டாத அளவில். அகழியைச் சேர்த்தால் பரப்பு 160 ஹெக்டேருக்கு மேல். இறந்தபின் சூரியவர்மனுக்கு வழங்கிய பெயரே பரமவிஷ்ணுலோகன். கிழக்குத் திருச்சுற்றின் சுவரில் பாற்கடல் கடைந்த காட்சி, 49 மீட்டர் நீளத்துக்கு ஒரே தொடராக ஓடுகிறது. ஒரு பக்கம் அசுரர், மறுபக்கம் தேவர், நடுவில் மந்தர மலையை ஆமை தாங்க, திருமால் நின்று நடத்துகிறார். பேங்காக் சுவர்ணபூமி விமான நிலையத்தில் வண்ண வண்ணமாக ஒரு பாற்கடல் சிற்பம் இருக்கிறதே, விமானத்துக்கு ஓடும் அவசரத்தில் எல்லாரும் கடந்துபோவோமே, அதே காட்சிதான்.

ஆக, நம் மன்னன் ஒருவன் பெருமாளைக் கோயிலிலிருந்து எடுத்துக் கடலில் போட்டதாகப் புலவர் பாடும் நாளில், கெமர் மன்னன் அவருக்கு உலகத்தின் மிகப் பெரிய கோயிலைக் கட்டிக்கொண்டிருந்தான். இப்போது சொல்லுங்கள், அங்கோர் வாட்டை நம் கணக்கில் எழுதிக்கொள்வது அந்த மனிதர்களுக்குச் செய்யும் நியாயமா?

பெயர் மாறியும் போகாத சாமி

கெமர் மக்கள் பிறகு தேரவாத பௌத்தர்கள் ஆனார்கள். அங்கோர் வாட் புத்த விகாரை ஆயிற்று. தலைநகரும் தெற்கே போய்விட்டது. காடு மூடிய கோயிலை 1860இல் ஆன்ரி முவோ என்ற பிரெஞ்சுக்காரர் 'கண்டுபிடித்தார்' என்று பள்ளிப் பாடத்தில் படித்தோம். காடு மூடியது பாதி உண்மை. மறந்துபோனார்கள் என்பது பொய். அங்கோர் வாட்டில் பூசையும் யாத்திரையும் நின்றதே இல்லை.

அதற்கு ஒரு சான்று திருச்சுற்றின் வடகிழக்குப் பகுதியில் இருக்கிறது. சூரியவர்மன் காலத்தில் அந்தச் சுவர்கள் செதுக்கப்படாமல் நின்றுவிட்டன. நானூறு ஆண்டு கழித்து, ஆங் சான் என்ற பௌத்த மன்னன், முன்னோன் விட்டதை முடிக்க ஆணையிட்டான். 1546 முதல் 1564 வரை வேலை நடந்ததாகக் கல்வெட்டே சொல்கிறது. செதுக்கியது என்ன? புத்தர் சரிதம் அல்ல. அசுரரை வெல்லும் விஷ்ணுவும் பாணாசுரனை வெல்லும் கண்ணனும். கைத்திறன் பழைய சிற்பங்களுக்கு ஈடாகாது, பார்த்தவுடன் தெரிந்துவிடும். இருந்தாலும் எனக்கு அந்தச் சுவரின் மேல்தான் மதிப்பு அதிகம். தில்லையில் கோவிந்தராசரை விசயநகர மன்னர் அச்சுதராயர் மீண்டும் நிறுவியது 1539இல். ஏழு ஆண்டு இடைவெளியில் இரு நாட்டிலும் பெருமாளுக்கு விட்டுப்போன வேலையை யாரோ எடுத்து முடித்திருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் தெரியாமல் நடந்தது, தற்செயல்தான். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மேற்கு வாயில் கோபுரத்துக்குள் நுழைந்தால் எட்டுக் கைகளோடு ஓர் ஆளைவிட உயரமான விஷ்ணு நிற்பதை இன்றும் காணலாம். மேலே காவித் துணி, முன்னால் ஊதுவத்தி. அங்குள்ளவர்கள் அவரை விஷ்ணு என்று அழைப்பதில்லை. 'தா ரியச்', அரச மூதாதை என்கிறார்கள். நோய் வந்தால் வேண்டிக்கொள்கிறார்கள், நல்ல காரியத்துக்கு முன் வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். நம் கிராமத்து ஐயனாரை எப்படிக் கும்பிடுகிறோமோ அப்படி. நம்மவர் சிலர் அங்கே நின்று, "இது எங்கள் சாமி, உங்களுக்குத் தெரியாது" என்று வழிகாட்டிக்குப் பாடம் எடுப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எண்ணூறு ஆண்டுகளாக அவருக்கு விளக்கேற்றியவர்கள் அவர்கள்.

விளக்கேற்றியவர்கள் பட்ட பாடும் கொஞ்சமல்ல. க்பால் ஸ்பியனை வெளியுலக ஆய்வாளர்கள் அறிந்ததே 1960களின் இறுதியில், ழான் புல்பே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் மூலமாகத்தான். அடுத்து உள்நாட்டுப் போர், கெமர் ரூஜ், கண்ணிவெடி. 1990களின் பிற்பகுதியில்தான் பயணிகள் அச்சமில்லாமல் மலையேற முடிந்தது. குழப்பமான அந்த ஆண்டுகளில் ஆற்றுச் சிற்பங்களின் சில பகுதிகளை வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வெட்டுத் தழும்பு தெரிகிறது. தமிழ்நாட்டுக் கோயில் சிலைகளை வெளிநாட்டு அருங்காட்சியகங்களிலிருந்து மீட்க நாம் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு அந்தத் தழும்பின் வலி புரியும்.

மேற்கு மெபோன் வெண்கலப் பெருமாள் புனோம் பென் தேசிய அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். 2024இல் அவரைச் செப்பனிடுவதற்காகப் பிரான்சுக்குக் கொண்டுபோனார்கள். 2025இல் பாரிஸ் கீமே அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். அவரோடு கிடைத்த உடைந்த துண்டுகளையும் சேர்த்துவைத்துப் பார்க்க அது ஒரு வாய்ப்பாக இருந்தது. ஏரி நடுவிலுள்ள அவருடைய கோயிலைக் கம்போடியாவின் அப்சரா ஆணையமும் பிரெஞ்சு தூரகிழக்கு ஆய்வுக் கழகமும் சேர்ந்து கல் கல்லாக எடுத்து அடுக்கிச் சீரமைத்திருக்கின்றன.

கேள்வி நேரத்தில் ஓர் இளைஞர், "க்பால் ஸ்பியனுக்கு எந்த மாதம் போகலாம்?" என்று கேட்டார். அன்றைய கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. மார்ச், ஏப்ரலில் போனால் ஓடை வற்றிவிடும். லிங்கங்கள் எல்லாம் தெரியும், ஆனால் அபிஷேகம் இருக்காது. மழை முடிந்து, நீர் கொஞ்சம் இறங்கும் டிசம்பரில் போனால் தண்ணீரும் இருக்கும், பெருமாளின் முகமும் தெரியும். ஆடியில் தூங்கத் தொடங்கும் திருமால் கார்த்திகையில் கண்விழிக்கிறார் என்பது நம் ஐதீகம். கம்போடிய மழைக்காலமும் ஏறக்குறைய அதே மாதங்கள்தான். சிற்பியும் அதை நினைத்தே நீர்மட்டத்தை ஒட்டிச் செதுக்கினானா என்பதற்குக் கல்வெட்டு கிடையாது, இது என் ஊகம் மட்டுமே. ஆனால் நாம் இங்கே புரட்டாசிச் சனிக்கிழமை தளிகை போட்டுக் கோவிந்தா சொல்லும் நாள்களில், அங்கே ஆறு பெருக்கெடுத்து, அவர் முழுக்கத் தண்ணீருக்குள் இருப்பார்.